புனிதைக்காகக் குளித்த பனிக்காலம்

போன மாதம் யூனாஸ் தொலைபேசியில் கூப்பிட்டார். நான் ஓய்வு பெற்றபின் என் வேலைக்கு வந்திருப்பவர் அவர். ஒஸ்லோவின் வடகிழக்கு விளிம்பில் இருக்கும் ஒரு பழைய கல் தேவாலயத்தில் பணியாள் வேலை. நான் இருபது வருடத்துக்கு மேல் செய்தேன். என் காலத்தில் மணி என்றால் கயிறு, கயிறு என்றால் தோள்மூட்டு நோவு. இப்போது மணியும் சூடாக்கியும் விளக்குகளும் கைப்பேசிக்குள் போய்விட்டன. போன கோடையில் யூனாஸ் மலைக்குடில் ஒன்றில் மீன் பொரித்துக்கொண்டிருந்தபோது காற்சட்டைப் பைக்குள் கைபட்டு, ஒஸ்லோவில் மணி அடித்திருக்கிறது. பக்கத்துத் தெருக் கிழவர் ஒருவர் தொப்பியைக் கழற்றிப் பிடித்துக்கொண்டு வந்து, செத்தது யார் என்று பூட்டிய கதவைக் கேட்டுக்கொண்டு நின்றாராம்.

ஆனால் யூனாஸ் கூப்பிட்டது அதற்காக அல்ல. போதகர் உடை மாற்றும் அறையின் அலுமாரியில், மெழுகுதிரிப் பெட்டிகளுக்குப் பின்னால், கழுத்து ஒடுங்கிய ஒரு அலுமினியப் பானையும் ஓலையால் பின்னிய கூம்பு ஒன்றும் இருக்கின்றனவாம். எந்தச் சடங்குக்குரியவை, எந்த நூற்றாண்டு, சொத்துப் பதிவில் ஏற்ற வேண்டுமா என்று கேட்டார். அது புட்டுப்பானை, மற்றது நீத்துப்பெட்டி, இரண்டும் என் மனைவியினுடையவை, பதிவில் ஏற்றினால் அவளிடம் நீர்தான் பதில் சொல்ல வேண்டும் என்றேன். அப்படியானால் அவை அங்கே வந்த கதையை எழுதித் தாருங்கள் என்று கேட்டார். நொர்வேஜிய மொழியில் எழுத வெளிக்கிட்டேன், இரண்டாம் வரியில், செத்தவீட்டுத் தீட்டைச் சொல்லும் 'துடக்கு' என்ற சொல் வந்து குறுக்கே படுத்துவிட்டது. அதனால் முதலில் தமிழில் எழுதுகிறேன்.

நான் வலிகாமத்துச் சைவன். நாட்டை விட்டு வந்து, வடக்கே ஒரு மீன் தொழிற்சாலையில் சில வருடம் மீன் வெட்டி, பிறகு ஒஸ்லோவுக்கு வந்து அலுவலகங்கள் கூட்டித் துடைத்து, முதுகு பிடித்துக்கொண்ட ஒரு நாளில் இந்த வேலைக்கு விண்ணப்பம் போட்டேன். நேர்முகம் நடத்தியவர் போதகர் சிக்ரிட். ஒல்லியான, உயரமான அம்மா. நீங்கள் எங்கள் திருச்சபை உறுப்பினரா என்று கேட்டார். இல்லை, சைவன் என்றேன். யன்னலால் வெளியே பார்த்தார். மூச்சை உள்ளே இழுத்தபடியே 'யா' என்றார். பிறகு ஒரு மிடறு கோப்பி. மறுபடி உள்ளே இழுத்த 'யா'. இவருக்கு இழுப்பு வருத்தம் என்று நினைத்து நான் இரங்கினேன். மூன்றாவது 'யா'வுக்குப் பிறகு, பனி வழிக்கத் தெரியுமா என்று கேட்டார். தெரியும் என்றேன். விதிப்புத்தகத்தைப் புரட்டி, வேறு விண்ணப்பதாரர் இல்லாவிட்டால் விலக்கு அளிக்கலாம் என்ற வரியைக் கண்டுபிடித்து எனக்குக் காட்டினார். அந்த மூன்றாவது 'யா' வந்துவிட்டால் விடயம் முடிந்தது என்பதைப் பிறகு கற்றுக்கொண்டேன். அதற்கு முன்னர் அவரைக் கதைக்க வைக்க ஆராலும் முடியாது.

என் வேலையில் பாதி செத்தவீடு. அதை ஒழுங்காகச் செய்வது லேசான காரியம் அல்ல. மலர்வளையங்களின் நாடாக்கள் வாசிக்கும் பக்கமாகத் திரும்பியிருக்க வேண்டும், குடும்பத்தாரின் வளையம் பெட்டிக்கு மேலே, மற்றவை இரு பக்கமும். போதகர் மூன்று முறை சின்னச் சவளால் மண் அள்ளிப் போடுவார். பனிக்காலத்தில் வெளியே மண் கல்லாகிவிடும். ஆகவே இலையுதிர்காலத்திலேயே மண்ணை அரித்து, காயவைத்து, ஒரு மரப்பெட்டியில் எடுத்து வைக்க வேண்டும். ஈரமண் பெட்டியில் பொத்தென்று விழும். சொந்தக்காரருக்கு அது நெஞ்சில் விழுந்த மாதிரி இருக்கும். நன்றாக அரித்த மண் சத்தமில்லாமல் விழும். கடைசியில் மணியை மும்மூன்றாக மூன்று முறை அடிக்க வேண்டும், இடையில் ஒரு நீண்ட மூச்சு விட்டு. என் மண்ணைப் பற்றி சிக்ரிட் ஒருமுறை 'நல்ல மண்' என்றார். அந்த அம்மா வாயால் வந்த பெரிய பாராட்டு அது.

இதெல்லாம் சரி, வீட்டில்தான் தொல்லை. என் மனைவி மலர், செத்தவீட்டுக்குப் போன ஆளைக் குளிக்காமல் உள்ளே விடமாட்டாள். ஊரில் ஆருக்கும் மாதத்தில் ஒன்றிரண்டு செத்தவீடு வரும். எனக்கு அது உத்தியோகம். ஹவுகன்ஸ்டுவாவில் எங்கள் அடுக்குமாடி வீட்டுக் கதவைத் திறந்தவுடன் இடது பக்கம் குளியலறை. அதுவரைக்கும்தான் எனக்கு அனுமதி. சப்பாத்து வாசலில், கறுத்த உடுப்பு நேரே பைக்குள், நான் நேரே சுடுதண்ணிக்குக் கீழே. வெளியே பனி கொட்டினாலும் தலையில் வார்க்க வேண்டும். சுடுதண்ணிச் செலவு ஏன் எங்கள் தளத்தில் இவ்வளவு என்று குடியிருப்புச் சங்கம் ஒருமுறை விசாரித்தது. தொழில் சம்பந்தமானது என்று சொன்னேன்.

தேவாலயத்துக்கு உள்ளே மலர் ஒருநாளும் காலடி வைத்தவள் அல்ல. சிக்ரிட் ஒவ்வொரு நத்தார்ப் பண்டிகைக்கும் அழைப்பார், அவள் ஒவ்வொரு நத்தாருக்கும் பயித்தம் பணியாரம் கொடுத்துவிடுவாள். பணியாரம் போகும், ஆள் போகாது. எங்கடை ஆக்களை அடிச்சும் அரட்டியும் வேதத்திலை சேர்த்தது போதும் என்பது அவளுடைய வாதம். அடிச்சது போர்த்துக்கேயர், இவர்கள் நொர்வேஜியர் என்று சொல்லிப் பார்த்தேன். கோயில் ஒண்டுதானே என்றாள்.

இந்த விடயத்தை நான் ஒருமுறை ஞாயிறு கோப்பியின்போது சிக்ரிட்டிடம் சொன்னேன். எங்கள் ஊர்க் கோயிலைப் போர்த்துக்கேயர் இடித்தபோது சாமியைக் கிணற்றுக்குள் இறக்கிவைத்ததாகச் சொல்வார்கள். பிறகு ஒல்லாந்தர் வந்து, நீங்கள் கத்தோலிக்கராகவும் இருக்கக்கூடாது, எங்கள் வேதத்துக்கு வாருங்கள் என்றார்கள். ஞானஸ்நானம் பெறாவிட்டால் உத்தியோகம் இல்லை. காணி, கலியாணம் எல்லாம் அவர்களுடைய பதிவில். ஆகவே எங்கள் ஆட்கள் ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் பெயர் கூப்பிடும் இடாப்புக்கு 'ஓம்' சொல்லிவிட்டு, வீட்டுக்கு வந்து குளித்து, விரதச் சோற்றை வாழையிலையில் சாப்பிட்டு, ஆரும் காணாமல் இலையைக் கூரை விளிம்பு இறப்பில் செருகிவிடுவார்கள். எங்களை இரண்டு பேரரசுகள் இரண்டு தரம் மதம் மாற்றின, இரண்டு தரமும் நாங்கள் வேலைக்குப் போய்விட்டு வந்து குளித்தோம் என்றேன். சிக்ரிட் சிரிக்கவில்லை. எங்களைக் கோபன்ஹேகனில் இருந்த அரசன் ஒரு கட்டளையால் கத்தோலிக்கத்திலிருந்து லூதரனுக்கு மாற்றினான், குளிக்கக்கூட எங்களுக்குத் தோன்றவில்லை என்றார். பிறகு வடக்குச் சுவரைக் காட்டி, அவளைத்தான் ஒளித்தோம் என்றார்.

வடக்குச் சுவரில் நின்றவள் எங்கள் புனிதை. மரச்சிலை, நின்றால் என் இடுப்புக்கு வருவாள். நீலப் போர்வையில் நிறம் திட்டுத் திட்டாக மிஞ்சியிருந்தது. முகம் மட்டும் நேற்றுத் தீட்டியதுபோல் வெளுப்பாக இருந்தது. கத்தோலிக்கப் புனிதர்களைக் கையில் இருப்பதை வைத்துத்தான் அடையாளம் காண்பார்களாம், ஒருவருக்குச் சொர்க்கத்தின் கதவுத் திறப்பு, ஒருவருக்குச் சக்கரம், ஒருவருக்குப் புத்தகம். இவளுக்கு இரண்டு கையும் முழங்கையோடு போய்விட்டன. ஆகவே இவள் ஆர் என்று ஆருக்கும் தெரியாது. அரசனின் கட்டளை வந்தபோது எரிக்க மனம் வராத ஆரோ அவளைக் கூரைக்குள் பலகைகளுக்குக் கீழே படுக்க வைத்திருக்கிறார்கள். பல தலைமுறை கழித்துத்தான் எழுப்பினார்கள். எங்கள் லூதரன் சபைக்கு அவள் தேவையில்லை, ஆனால் அவள் இல்லாமல் சபையாருக்கு இருக்கவும் முடியாது. ஞாயிறு வந்த கிழவிகள் போகும்போது அவளைப் பார்த்து ஒரு தலையாட்டு. கேட்டால், கழுத்து வலி என்பார்கள்.

என் கடைசிப் பனிக்காலங்களில் ஒன்றில் தேவாலயத்தின் சூடாக்கியை மாற்ற வந்தார்கள். நத்தார் முடிய நிலத்தைத் தோண்டி, ஈஸ்ரருக்கு முன் மூடுவதாகத் திட்டம். அதுவரை செத்தவீடுகள் மயானச் சிற்றாலயத்தில். புனிதையை எங்கே வைப்பது? அருங்காட்சியகம் ஒன்று தன் களஞ்சியத்தில் இடம் தருவதாக எழுதியது. அந்தக் களஞ்சியத்துக்குள் போன எதுவும் திரும்பி வந்ததாகச் சபையில் ஆருக்கும் நினைவில்லை. அவர்களுடைய பழம்பொருள் பாதுகாப்பாளர் ஹல்வோர் நேரில் வந்தார். வெள்ளைக் கையுறை, மெல்லிய குரல், சிலையிடம் மன்னிப்புக் கேட்பதுபோல் நடை. புனிதையின் கழுத்திலிருந்து தோள்வரை ஒரு வெடிப்பு இருந்தது. ஞாயிற்றுக்கு ஞாயிறு சூடாக்கி, மற்ற நாட்களில் விறைக்கவிட்டால் மரம் வெடிக்காமல் என்ன செய்யும் என்று கேட்டார். வெடிப்புக்குக் குறுக்கே வெற்றிலை நரம்பு அளவு மெல்லிய ஒரு காகிதத் துண்டை ஒட்டினார். வெடிப்பு கொஞ்சம் விரிந்தாலும் காகிதம் கிழிந்துவிடும். கிழிந்தால் அவள் களஞ்சியத்துக்கு, அதற்குப் பிறகு பேச்சில்லை. கிழியாவிட்டால் திரும்பி வரலாம்.

சிக்ரிட் யன்னலைப் பார்த்தார். விதிப்புத்தகத்தை எடுத்தார். அவசரமானால் பொறுப்பான ஊழியர் ஒருவருடைய பாதுகாப்பான இருப்பிடத்தில் வைக்கலாம் என்று ஒரு வரி இருந்தது. கோப்பி. மூன்றாவது 'யா'. அப்போது அறையில் இருந்த ஒரே ஊழியர் நான்.

மலரிடம் நான் சொன்னேன்தான், ஒரு பழைய சிலை கொஞ்ச நாளைக்கு வருகிறது என்று. எங்கிருந்து என்று அவள் கேட்கவில்லை, நானும் விபரிக்கவில்லை. ஹல்வோரும் நானும் பஞ்சுத்தாளில் சுற்றிய புனிதையைக் குழந்தைபோல் ஏந்திக்கொண்டு எங்கள் தளத்துக்கு வந்தபோது, மலர் ஒரு வாளியில் மஞ்சள் தண்ணியோடு கதவடியில் நின்றாள்.

"ஆரப்பா இது?" என்றாள்.

"எங்கடை தேவாலயத்துப் புனிதை."

"செத்தவீடு நடக்கிற இடத்திலை இவ்வளவு காலம் நிண்டவ. தலையிலை தண்ணி வார்க்காமல் உள்ளுக்கு விடேலாது."

"தண்ணி பட்டால் பெயின்ற் கழண்டுபோம். ஒரு சொட்டும் படக்கூடாதாம்."

"அப்ப படியிலை இருக்கட்டும்."

ஹல்வோர் வாளியைப் பார்த்தார், மலரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். நிறம் மாறிவிட்டார். மஞ்சள் தண்ணி எதற்கு என்று கேட்டார். வரவேற்பு என்றேன். மரம் பாரம். படிக்கட்டுப் பகுதியில் வெப்பம் குறைவு, ஒவ்வொரு நிமிடமும் அந்தக் காகிதத்துக்கு ஆபத்து. மலரோ அசையவில்லை. அவள் கெட்ட மனுசி அல்ல, ஆனால் அவளுடைய சட்டத்தில் விலக்கு அளிக்கும் வரி கிடையாது. நான் கெஞ்சுகிற நிலைக்கு வந்துவிட்டேன். கடைசியில் அவளே யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தாள்.

"அவவைத் தூக்கிக்கொண்டு வந்தது ஆர்?"

"நான்தான்."

"அப்ப அவவின்ரையையும் சேர்த்து நீங்கள் குளியுங்கோ. முதல் உங்கடை, பிறகு அவவின்ரை. இரண்டு தரம்."

அன்று இரண்டு தரம் குளித்தேன். அத்தோடு முடியும் என்று நினைத்தேன். இல்லை. ஒவ்வொரு செத்தவீட்டுக்குப் பிறகும் இரண்டு குளிப்பு. அவவின்ரை கோயிலிலை நடக்கவேண்டிய செத்தவீடுகள்தானே, அவவுக்கும் பங்கு உண்டு என்றாள் மலர். பனிக்காலத்தில் கிழவர்கள் அதிகம் செத்துப்போவார்கள். சில கிழமைகளில் என் விரல் நுனிகள் திராட்சை வற்றல்போல் ஆகிவிட்டன.

அடுத்த பிரச்சினை எங்கே வைப்பது என்பது. சாமியறையில் வைக்கக்கூடாது. கை முறிந்த சிலையைக் கும்பிடக்கூடாது, கடலில்தான் விடவேண்டும் என்பது எங்கள் வழக்கம். கடல் என்ற சொல்லை ஹல்வோருக்கு நான் மொழிபெயர்க்கவில்லை. எங்கள் மகன் ஸ்தவாங்கரில் பொறியியலாளன், அவனுடைய அறை சும்மா கிடந்தது. குளியலறைச் சுவருக்கு அந்தப் பக்கம், யன்னலிலிருந்து தள்ளி, அவனுடைய உடுப்புப் பெட்டியின் மேல் புனிதையை நிறுத்தினோம். பின்னால் ஒரு உதைபந்தாட்ட வீரனின் பெரிய படம். ஹல்வோர் அவள் காலடியில் ஒரு சின்ன ஈரமானியை வைத்தார். காற்றில் ஈரம் எவ்வளவு என்று அது பகலும் இரவும் தானாகக் கோடு கீறுமாம். ஒஸ்லோ வீடுகள் பனிக்காலத்தில் காய்ந்து கருவாடாகிவிடும், எனக்கு நம்பிக்கை இல்லை என்று சொல்லிவிட்டுப் போனார்.

மலர் இரண்டு மூன்று நாள் அறைக்கதவடியில் நின்று பார்த்தாள். பிறகு ஒரு தீர்ப்புக்கு வந்தாள்.

"கையிருந்தால் சாமி, கும்பிடலாம். கை இல்லை, அதாலை கும்பிடேலாது. அப்ப இவ வந்த ஆள். மேலிடத்திலையிருந்து முடிவு வருமட்டும் காத்துக்கொண்டிருக்கிற ஆள். வந்த ஆளை வடிவாப் பாக்கோணும்."

அகதி முகாமில் நாங்கள் இருவரும் முடிவுக்காகக் காத்திருந்த பனிக்காலம் எனக்கு நினைவு வந்தது. அன்று எங்களை வடிவாகப் பார்க்க ஆரும் இருக்கவில்லை. மலரின் தீர்ப்பு வந்த நாளிலிருந்து காலையில் புட்டு, மாலையில் இடியப்பம், இரண்டு வேளையும் அடுப்பில் ஆவி. அவள் எப்போதும் அவிக்கிறவள்தான், இப்போது இன்னும் கொஞ்சம் கூடுதலாக. வந்த ஆள் சாப்பிடாவிட்டாலும் வீட்டில் அடுப்பு எரியவேண்டும் என்றாள். யன்னலைத் திறக்க விடமாட்டாள், அவவுக்குக் குளிரும். குளியலறை ஆவியை வெளியே இழுக்கும் காற்றாடி உடைந்து கிடந்தது, குடியிருப்புச் சங்கம் அதைத் திருத்துவதாகச் சொல்லிக்கொண்டே இருந்தது.

இந்த நிலையில்தான் நிர்மலா வந்தாள். மலருக்கு ஒன்றுவிட்ட தங்கச்சி முறை, வெஸ்ட்லியில் இருப்பவள். கார் ஓட்டும் பரீட்சையில் எத்தனை தரம் தோற்றாள் என்று அவளே எண்ணுவதை விட்டுவிட்டாள். சுற்றுவட்டம் வந்தால் கை விறைத்து வண்டியை நடுவில் நிறுத்திவிடுவாளாம். தேத்தண்ணி குடிக்க வந்தவள் புனிதையின் முன்னால் நின்று, அக்கா, நீங்கள் கையில்லாமல் இத்தனை காலம் சமாளிச்சிட்டியள், எனக்குக் கையிருந்தும் ஸ்ரியறிங் பிடிக்கத் தெரியேல்லை, ஒருக்கால் பாருங்கோ என்று மனம்விட்டுச் சொல்லியிருக்கிறாள். அந்தக் கிழமை பரீட்சையில் சித்தியடைந்துவிட்டாள்.

அதற்குப் பிறகு எங்கள் வீடு வீடாக இருக்கவில்லை. வைபரில் செய்தி பறந்தது. பரீட்சைக்கு முதல் நாள் ஆட்கள் வரத் தொடங்கினார்கள், சிலர் பயிற்சிக் காரோடேயே வந்தார்கள். சைவர்கள் இவள் அம்மன் என்றார்கள், கத்தோலிக்கர்கள் ஆளுக்கொரு புனிதையின் பெயர் சொன்னார்கள். வரவேற்பறையில் இரு பகுதியாரும் போர்த்துக்கேயர் காலத்துக் கணக்கு வழக்கை மறுபடி எடுத்து, இடியப்பம் வந்ததும் தள்ளிவைத்தார்கள். கணினி வேலைக்கு வந்திருந்த ஒரு சென்னைத் தம்பதி வாசலில் நின்று, "அங்கிள், டோக்கன் சிஸ்டம் இருக்கா, இல்ல நேரா உள்ள போகலாமா?" என்று கேட்டார்கள். மலர் ஹல்வோரைவிடக் கடுமையான காவல்காரியாகிவிட்டாள். விளக்கு இல்லை, கற்பூரம் இல்லை, சாம்பிராணி இல்லை, பூவில் பூச்சி வரும் ஆகையால் பூவும் இல்லை. குளிர் ஏறிய மேலங்கியோடு அறைக்குள் போகக்கூடாது. தொடக்கூடாது. தொட்டால் காகிதம் கிழியும், கிழிந்தால் அவவை இருட்டறைக்குள் போட்டுவிடுவாங்கள் என்று ஒவ்வொருவருக்கும் சொல்லுவாள். கும்பிடுகிறவர்களைப் பார்த்து, அவ சாமி இல்லை, வந்த ஆள், சும்மா கதையுங்கோ என்பாள்.

நிர்மலாவுக்கு நேர்த்திக்கடன் இருந்தது. கற்பூரம் கொளுத்துவதாக மனதுக்குள் சொல்லிவிட்டாளாம். வீட்டுக்குள் மலர் விடவில்லை. சரி, வெளியே கொளுத்துகிறேன் என்று படிக்கட்டுப் பகுதியில், ஒரு சாப்பாட்டுக் கோப்பையில், ஒரு பெட்டிக் கற்பூரத்தையும் கொட்டிக் கொளுத்தியிருக்கிறாள். கற்பூரப் புகை எப்படிப் போகும் என்று எங்கள் ஆட்களுக்குத் தெரியும், நொர்வேஜியத் தீ எச்சரிக்கைக் கருவிக்குத் தெரியாது. கட்டடம் முழுவதும் ஊளையிட்டது. பத்து மாடிச் சனமும் உறைபனியில் போய் நின்றது.

நான் அப்போது மயானத்தில் மணி அடித்துக்கொண்டிருந்தேன். பிறகு நடந்ததை மலரும் அயலவரும் சொல்லித்தான் அறிவேன். மலர் வெளியேறவில்லை. குளிரில் கொண்டுபோனால் வெடிப்பு விரியும், விட்டுவிட்டுப் போனால் நெருப்பு. அவள் புனிதையை எங்கள் பஞ்சுப் போர்வையால் கழுத்துவரை சுற்றி, மகனின் கட்டிலில் கிடத்தி, பக்கத்தில் இருந்துவிட்டாள். தீயணைப்பு வீரன் ஒருவன் முகமூடியோடு உள்ளே வந்தான். புகை மூட்டத்தில் கட்டிலில் வெளுத்த முகத்தோடு ஒரு சின்ன உருவம் போர்வைக்குள் கிடந்தது. நடக்க முடியுமா என்று கேட்டிருக்கிறான். மலர் தன் நொர்வேஜிய மொழியில் உள்ளதை உள்ளபடி சொன்னாள். நடக்கமாட்டா. நல்லா வயது போனவா. கை இல்லை. குளிர் பட்டால் வெடித்துவிடுவா. எத்தனை வயது என்றான். ஐந்நூறுக்கு மேலே என்றாள். புகையில் பயந்த மனுசிக்கு எண்கள் குழம்பிவிட்டன என்று அவன் நினைத்திருக்க வேண்டும். புனிதையைப் பக்குவமாகத் தூக்கிக்கொண்டு, பாட்டி, பயப்படாதீங்கோ, இதோ வந்துவிட்டோம் என்று அவள் காதில் சொல்லிக்கொண்டு படியால் இறங்கி, நேரே சூடாக்கி வைத்திருந்த நோயாளர் வண்டிக்குள் கொண்டுபோய்ப் படுக்க வைத்துவிட்டான்.

நான் வந்து சேர்ந்தபோது நீல விளக்குகள் சுற்றிக்கொண்டிருந்தன. செத்தவீட்டுக் கறுத்த உடுப்போடு, கையில் மண்பெட்டியோடு, நான் நோயாளர் வண்டியை நோக்கி ஓடுவதைப் பார்த்து அயலவர்கள் இரு பக்கமும் விலகி வழிவிட்டார்கள். ஒருவர் தொப்பியைக் கழற்றினார். பாகிஸ்தானிய நண்பர் ஒருவர் என் தோளைப் பிடித்து, அல்லாஹ் பொறுமை தரட்டும் என்றார். எனக்கு உயிர் போய் வந்தது, மலருக்குத்தான் ஏதோ நடந்துவிட்டது என்று. கதவைத் திறந்தால் மலர் உள்ளே சுகமாக இருக்கிறாள். மருத்துவப் பணிப்பெண் ஒருத்தி போர்வையை விலக்கி நாடி பார்க்கக் கையைத் தேடிக்கொண்டிருக்கிறாள். மலர் என்னைக் கண்டதும், "அவவுக்கு நாடி பாக்கினம். நீங்கள் தொடாதையுங்கோ, இன்னும் குளிக்கேல்லை" என்றாள்.

அடுத்த நாள் ஹல்வோர் வந்தார். சிக்ரிட்டும் வந்தார். கற்பூரத்தையும் தீயணைப்புப் படையையும் நான் மறைக்கவில்லை. கேட்கக் கேட்க ஹல்வோர் கையுறையை ஒவ்வொரு விரலாக இழுத்து இழுத்து மாட்டினார். முடிந்தது என்று நினைத்தேன். மலர் அறைக்குள் வரவில்லை, குசினியில் நின்று பாத்திரத்தைச் சத்தம்போட்டுக் கழுவினாள். அவள் அழுவதை மறைக்கும் முறை அது. ஹல்வோர் பூதக்கண்ணாடியோடு குனிந்து அந்தக் காகிதத் துண்டைப் பார்த்தார். நீண்ட நேரம் பார்த்தார். காகிதம் கிழியவில்லை. நடுவில் சின்னதாக மடிந்து எழும்பியிருந்தது. வெடிப்பு விரியவில்லை, கொஞ்சம் மூடியிருக்கிறது, மரம் ஈரத்தைக் குடித்து ஊதியிருக்கிறது என்றார். அவருடைய குரல் முதல் தடவையாக உயர்ந்தது.

பிறகு ஈரமானியின் கோட்டைத் தன் கணினியில் பார்த்தார். நெற்றியைச் சுருக்கினார். ஒஸ்லோவில் இப்படி ஒரு வீடு இருக்க முடியாது, எங்கள் களஞ்சியத்தில்கூட இவ்வளவு நல்ல காற்று இல்லை என்றார். காலையும் மாலையும் ஒரு சின்ன மேடு இருந்தது, அது என்ன என்று கேட்டார். புட்டு, இடியப்பம் என்றேன். எழுதிக்கொண்டார். சில நாட்களில் மட்டும் மாலையில் ஒரு பெரிய மலைபோல எழும்பியிருந்தது. இந்தச் செவ்வாய், இந்த வெள்ளி, இங்கே என்ன நடந்தது என்று கேட்டார். நான் வாய் திறக்க முன்னர் சிக்ரிட் தன் நாட்குறிப்பைப் பார்த்தார். மூச்சை உள்ளே இழுத்து 'யா' என்றார். இவை எல்லாம் எங்களுக்கு அடக்கம் இருந்த நாட்கள் என்றார். இருவரும் என்னைப் பார்த்தார்கள். நான் குளிப்பதைப் பற்றிச் சொல்ல வேண்டியதாயிற்று, என்னுடையது ஒன்று, புனிதையினுடையது ஒன்று என்று. ஹல்வோர் எழுதுவதை நிறுத்திவிட்டார். சிக்ரிட் யன்னலால் வெளியே பார்த்தார், தோள்கள் குலுங்கின. அந்த அம்மா சிரித்ததை நான் என் சேவைக்காலத்தில் கண்டது அன்று ஒருநாள்தான்.

புனிதை திரும்பலாம் என்று ஹல்வோர் எழுதித் தந்தார். ஒரே நிபந்தனை, அவளுடைய சுவரடியில் காற்று காயக்கூடாது. ஈரமூட்டும் கருவி வாங்கச் சபைக் குழு கூடி, உபகுழு அமைத்து, மூன்று விலைமனு கேட்டது. அது வந்து சேர ஒரு வருடம் ஆகும் என்று எல்லாருக்கும் தெரியும்.

ஈஸ்ரருக்கு முந்திய சனிக்கிழமை அவளைக் கொண்டுபோனோம். மலர், நானும் வாறன் என்றாள். நான் திரும்பிக் கேட்கவில்லை, கேட்டால் மனம் மாறிவிடுவாள். தேவாலய வாசலில் சப்பாத்தைக் கழற்றினாள். அவளைப் பார்த்து சிக்ரிட்டும் கழற்றினார், எனக்கும் வேறு வழி இருக்கவில்லை. ஹல்வோரின் சாம்பல் நிறக் காலுறையில் ஒரு ஓட்டை இருந்தது. வடக்குச் சுவரில் புனிதையை நிறுத்தியதும் மலர் கிட்டப் போய்ச் சுவரில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தாள்.

"சுவரெல்லாம் நல்லாக் காஞ்சு கிடக்கு. ஒரு அடுப்பு இருக்கோ இஞ்சை?"

போதகர் உடை மாற்றும் அறையில் கோப்பி போடும் ஒரு மின்னடுப்பு இருந்தது, அதை வடக்குச் சுவரடிக்குக் கொண்டுவந்தேன். மலர் பையைத் திறந்து புட்டுப்பானையையும் நீத்துப்பெட்டியையும் எடுத்தாள். வீட்டிலிருந்து வெளிக்கிடும்போதே கொண்டுவந்திருக்கிறாள். அந்த வருடம் முழுவதும் ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் வந்தாள், பானைக்காக மட்டும், பூசைக்கு அல்ல என்று எல்லாருக்கும் சொல்லிக்கொண்டு. கருவி வந்த பிறகும் பானை அங்கேயே இருந்துவிட்டது. யூனாஸ், நீங்கள் கேட்ட கேள்விக்குப் பதில் இதுதான்.

அந்தச் சனிக்கிழமை மாலை வீட்டுக்கு வந்தோம். மகனின் அறை வெறுமையாக, உதைபந்தாட்ட வீரன் மட்டும் தனியே நின்றான். மலர் கொஞ்ச நேரம் அறைக்கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நான் பழக்கதோசத்தில் துவாயை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு குளியலறைப் பக்கம் திரும்பினேன்.

"எங்கை போறியள்?"

"குளிக்க. கோயிலுக்கெல்லே போயிட்டு வந்தனாங்கள். இரண்டு தரமோ, ஒரு தரமோ?"

மலர் என்னை ஏதோ விளங்காதவனைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள்.

"ஏன், செத்தவீட்டுக்கோ போனனாங்கள்? ஆளைக் கொண்டுபோய் அவவின்ரை வீட்டிலை விட்டிட்டு வந்தனாங்கள். இருங்கோ, தேத்தண்ணி போடுறன்."

துவாயைத் தோளில் போட்டபடியே இருந்து குடித்தேன்.